உடைந்த உறுப்பும் உருகிய உலோகமும்

பழைய மோட்டார்க் கார்களுக்கு மறுவாழ்வளிக்கும் வார்ப்புக்கலை

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலரும் வேளையில், லண்டன் மாநகரின் ஹைட் பூங்காவிலிருந்து விந்தையான ஓர் ஊர்வலம் புறப்படுகின்றது. குதிரை பூட்டாத குதிரைவண்டிகள் போலத் தோன்றும் மோட்டார்க் கார்கள் நூற்றுக்கணக்கில், புகையைக் கக்கிக்கொண்டும் பேரொலி எழுப்பிக்கொண்டும், ஏறக்குறைய 60 மைலுக்கு அப்பாலுள்ள பிறைற்றன் கடற்கரைப் பட்டினத்தை நோக்கிச் செல்கின்றன. 1905ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கு மாத்திரமே இதில் இடமுண்டு.

1896ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி நடைபெற்ற ஓட்டத்தின் நினைவாக இது நிகழ்கின்றது. அதுவரையில், மோட்டார் வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓடலாகாது எனவும், அதற்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்லவேண்டும் எனவும் இங்கிலாந்திற் சட்டம் இருந்தது. அக்கட்டுப்பாடு நீங்கிய மகிழ்ச்சியைக் கொண்டாடவே அன்று வண்டிகள் பிறைற்றனுக்கு ஓடின. 1927ஆம் ஆண்டில் அந்நிகழ்ச்சி மீண்டும் நடத்திக் காட்டப்பட்டது. போர்க்காலம் போன்ற சில இடையீடுகள் நீங்கலாக, அன்று தொட்டு இவ்வழக்கம் தொடர்ந்து வருகின்றது.

இவ்வூர்வலத்தைக் காண்போர் வண்டிகளின் பழைமையைக் கண்டு வியப்பர். பொறித்தொழில் அறிந்தோரின் உள்ளத்தில் எழும் வினாவோ வேறு. இவற்றைச் செய்த தொழிற்சாலைகள் பல மூடப்பட்டுத் தலைமுறைகள் சில கழிந்துவிட்டன. வரைபடங்கள் தொலைந்தன, செய்த கைகளும் மறைந்தன. 120 ஆண்டு கடந்த காரின் உறுப்பொன்று உடைந்தால், அதனை எந்தக் கடையிற் கேட்பது? கடையிற் கிடையாதாயின், யாரைக் கொண்டு செய்விப்பது?

இவ்வினாவுக்குரிய விடை, மனிதன் அறிந்த மிகப் பழைய கைத்தொழில்களுள் ஒன்றாகிய வார்ப்புக்கலையிலே தங்கியிருக்கின்றது.

மூவகை உறுப்புகள்

மோட்டார்க் காரின் உலோக உறுப்புகளை, அவை உருவான முறை நோக்கி மூவகைப்படுத்தலாம். தகட்டை வளைத்தும் தட்டியும் செய்தவை ஒருவகை; சக்கரத்தின் மேலுள்ள மறைப்பும் கதவும் அத்தகையன. பழுக்கக் காய்ச்சி அடித்தும், கடைந்தும் செய்தவை இரண்டாம் வகை. அச்சுத்தண்டும் சுழல்தண்டும் இதில் அடங்கும். உருக்கி வார்த்தவை மூன்றாம் வகை. இயந்திரத்தின் சிலிண்டர்ப் பாளம், அதன் மூடி, சுழல்தண்டைத் தாங்கும் பெட்டி, பற்சக்கரப் பெட்டி, புகை வெளியேறும் கிளைக்குழாய் ஆகியன இவ்வகையின.

முதலிரு வகைகளிற் பழுது நேரின், கைதேர்ந்த தட்டாசாரியோ கடைசற்காரரோ பெரும்பாலும் நேர்செய்துவிடலாம். மூன்றாம் வகைக்குரிய பழுதுதான் காரின் உரிமையாளரைக் கலங்கச் செய்வது. உள்ளே நீரோடும் வழிகளும், வெளியே மேடும் பள்ளமும் கொண்ட ஒரு சிலிண்டர்ப் பாளத்தைத் தட்டியோ கடைந்தோ செய்வது எளிதன்று.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 1922ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த ஒஸ்டின் செவன் என்னும் சிறிய காரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹேர்பேட் ஒஸ்டின் என்பார், ஸ்ரான்லி எட்ஜ் என்னும் 18 வயது வரைபட இளைஞனைத் துணையாகக் கொண்டு அதனை உருவாக்கினார். நடுத்தரக் குடும்பங்களும் கார் வைத்திருக்கலாம் என்ற நிலையை அந்நாட்டில் ஏற்படுத்திய அக்கார், 1939 வரையில் ஏறக்குறைய 2,90,000 எண்ணிக்கையிற் செய்யப்பட்டது. 747 கன சென்றிமீற்றர் கொள்ளளவுள்ள அதன் இயந்திரத்தில், அலுமினியத்தால் வார்த்த பெட்டியொன்றின் மீது வார்ப்பிரும்புச் சிலிண்டர்ப் பாளம் அமர்ந்திருக்கும். இவ்விரு வார்ப்புகளும் நலமாக இருக்குமட்டும் கார் உயிரோடிருக்கும். இவற்றுள் ஒன்று பிளந்துவிட்டால், பளபளக்கும் வர்ணமும் மெருகிட்ட விளக்கும் இருந்து பயன் என்ன?

வார்ப்புகள் ஏன் கெடுகின்றன?

குளிர்நாடுகளிற் பெரும்பகை உறைபனியே. நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருக்கின்றது. இரவில் நீரை வடிக்க மறந்த காரின் சிலிண்டர்ப் பாளம் விடிவதற்குள் வெடித்துவிடும். வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும். ஆயின் இழுப்பைத் தாங்காது பிளக்கும் இயல்பினது. புகைக் கிளைக்குழாயோ பன்னெடுங்காலம் காய்ந்தும் ஆறியும் வெடிப்புக் காண்கின்றது. அலுமினிய வார்ப்புகளை நீரும் உப்பும் அரித்துத் துளைகளாக்குகின்றன.

இவற்றினும் வியப்பானது துத்தநாக வார்ப்புகளைப் பற்றும் நோய். 1920களிலும் அதற்குச் சற்று முன்பின்னும் செய்த காபுறேற்றர், கதவுக் கைப்பிடி முதலிய சிறு உறுப்புகள் பல துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. அவற்றுட் சில, ஒருமுறையேனும் காரிற் பூட்டப்படாது பெட்டிக்குள்ளேயே இருந்தபோதிலும், காலப்போக்கிற் பருத்து, வெடித்து, கையால் நொறுக்கக்கூடிய மாவுபோல் ஆகிவிடுகின்றன. துத்தநாகத்தில் ஈயம் முதலிய மாசுகள் சிறிதளவு கலந்திருத்தலே இதற்குக் காரணம் என்பது 1923ஆம் ஆண்டளவில் அறியப்பட்டது. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி துத்தநாகக் கம்பெனி, நூற்றுக்கு 99.99 பங்கு தூய துத்தநாகத்தைக் கொண்டு சமாக் என்னும் கலவைகளை ஆக்கியபின்னரே இந்நோய்க்கு மருந்து கிடைத்தது. அதற்கு முன் வார்த்த உறுப்பு நோயுற்றதாயின், அதனை ஒட்டவும் இயலாது. பூசி மறைக்கவும் இயலாது. புதிதாக வார்த்தல் ஒன்றே வழி.

எனினும், எல்லாப் பழுதுக்கும் புதுவார்ப்பே வேண்டுமென்பதில்லை. வார்ப்பிரும்பின் வெடிப்பை முழுவதும் சூடேற்றி வெல்டிங் செய்வோர் உளர். வெடிப்பு நெடுகத் துளையிட்டு, உலோக முளைகளை இறுக்கி, துணியைத் தைப்பதுபோற் சூடின்றியே தைத்துவிடுவோரும் உளர். பழைய உறுப்பு தன் வரலாற்றைத் தன்னிடத்தே கொண்டிருப்பது. ஆதலின், காப்பாற்றக்கூடியதைக் காப்பாற்றிப் பார்த்த பின்னரே புதியதை நாடுதல் முறையாகும்.

வெற்றிடத்தைச் செய்யும் கலை

பவுண்டரி எனப்படும் வார்ப்புச்சாலையில் நிகழ்வது யாது? சுருங்கச் சொல்லின், அங்கே முதலிற் செய்யப்படுவது உறுப்பன்று. உறுப்பின் வடிவிலமைந்த ஒரு வெற்றிடமே.

அதற்கு முதலில் மரத்தாலோ வேறு பொருளாலோ ஒரு மாதிரியுரு செய்யவேண்டும். மேற்பெட்டி, கீழ்ப்பெட்டி என இரண்டாகப் பிரியும் மணற்பெட்டிக்குள் அதனை வைத்து, களிமண்ணும் நீரும் அளவாகச் சேர்த்த மணலை அதனைச் சுற்றி இறுக்கிக் கெட்டிப்பர். பின்னர்ப் பெட்டிகளைப் பிரித்து மாதிரியுருவை எடுத்துவிட்டால், மணலில் அதன் வடிவம் குழியாக நிற்கும். மீண்டும் பெட்டிகளைப் பொருத்தி, உருகிய உலோகத்தை ஊற்றினால் அக்குழி நிரம்பும். உலோகம் இறுகியபின் மணலை உடைத்து வார்ப்பை எடுப்பர். ஒவ்வொரு வார்ப்புக்கும் மணலச்சு புதிதாக வேண்டும். மாதிரியுருவோ மீண்டும் மீண்டும் உதவும்.

சிலிண்டருக்குள்ளே வெற்றிடம் வேண்டுமன்றோ? நீரோடும் வழியும் வேண்டுமன்றோ? அவற்றுக்காக, இறுக்கிய மணலாற் செய்த உள்ளச்சுகளைக் குழிக்குள்ளே தொங்கவிட்டும் தாங்கவைத்தும் அமைப்பர். உலோகம் அவற்றைச் சூழ்ந்து இறுகும். பின்னர் உள்ளச்சின் மணலைத் துளைகள் வழியே கொட்டிவிட்டால், உள்ளிடம் வெறுமையாகும். சிலிண்டர்ப் பாளத்தின் பக்கங்களில் வட்டத் தகட்டு மூடிகளைப் பலர் கண்டிருக்கலாம். அவற்றுள் அநேகமானவை, உள்ளச்சைத் தாங்கவும் அதன் மணலை வெளியேற்றவும் விட்ட துளைகளை அடைக்கும் மூடிகளே.

மாதிரியுருவை மணலிற் கீறல் விழாது உயர்த்தி எடுக்கவேண்டும் என்பதற்காக, அதன் நிமிர்ந்த பக்கங்களுக்கு ஒன்று முதல் மூன்று பாகை வரை சரிவு கொடுப்பர். கூர்மூலைகளை உட்புறம் வளைத்து நிரப்புவர். கூரிய மூலையில் உலோகம் ஆறும்போது வெடிப்புத் தோன்றும் ஆதலால். தடித்த பகுதி மெல்லிய பகுதிக்குப் பின்னரே இறுகும். அவ்வாறு இறுகும்போது உலோகம் சுருங்கி உள்ளே குழி விழாதிருக்க, அதன் அருகே உருகிய உலோகம் நிற்கும் ஊட்டுத்தொட்டி ஒன்றையும் அமைப்பர். இவ்வளவையும் மாதிரியுரு செய்யும் தச்சர் முன்னரே மனத்திற் கண்டுவிடவேண்டும்.

சுருக்கம் என்னும் கணக்கு

பழைய காரின் உரிமையாளர் முதலில் நினைப்பது யாதெனில், உடைந்த உறுப்பையே வார்ப்புச்சாலையிற் கொடுத்து, இதனை மணலிற் பதித்து இதே போல ஒன்று வார்த்துத் தாருங்கள் எனக் கேட்கலாம் என்பதே. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வேண்டுகோளினாலே வீணான வார்ப்புகள் பல.

ஏன் என்பதை மாணவர்கள் கணக்கிட்டு அறியலாம். உருகிய உலோகம் இறுகி ஆறும்போது சுருங்கும். சாம்பல்நிற வார்ப்பிரும்பு அடிக்கு ஏறக்குறைய 1/8 அங்குலம் சுருங்கும். அலுமினியக் கலவை 5/32 அங்குலம். பித்தளை 3/16 அங்குலம். இரண்டடி நீளமான இரும்புப் பாளத்தை அச்செடுத்து அவ்வாறே வார்த்தால், புதியது கால் அங்குலம் குறைந்து நிற்கும். அதன் ஒரு முனையில் ஆணித்துளை பொருந்தினால் மறுமுனையிற் பொருந்தாது. மேலும், பழைய உறுப்பின் முகங்கள் அன்றே கடைந்து மட்டமாக்கப்பட்டவை. புதிய வார்ப்பிலும் அவற்றைக் கடைந்தெடுக்க, உலோகம் சற்று மிகுதியாக வேண்டும். பழைய உறுப்பில் அந்த மிகுதி எங்கே இருக்கின்றது?

இதனாலேயே மாதிரித் தச்சர்கள் தமக்கென ஒரு தனி அளவுகோல் வைத்திருப்பர். அதிலே ஓரடி என்று குறித்திருப்பது உண்மையில் ஓரடிக்கு 1/8 அங்குலம் கூடியதாகும். வரைபடத்தில் உள்ள அளவை அக்கோலால் அளந்து மரத்திற் செய்துவிட்டால், சுருக்கம் தானே ஈடாகிவிடும். உலோகத்துக்கு உலோகம் கோல் மாறும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. மரத்தாலான மாதிரியுரு பலமுறை மணலிற் பட்டுத் தேயும். எனவே, அதைக் கொண்டு அலுமினியத்தில் ஒரு மாதிரியுரு வார்த்து, அதைக் கொண்டு இரும்பு உறுப்புகளை வார்ப்பதுண்டு. அப்போது மரத்திலே இரண்டு சுருக்கத்துக்கும் இடம் விடல்வேண்டும். 5/32உம் 1/8உம் சேர்ந்து அடிக்கு 9/32 அங்குலம் ஆகும். இதனை மறந்து செய்த மாதிரியுரு, எத்துணை அழகாக இருப்பினும், விறகுக்கே உதவும்.

எந்த உலோகம்?

வடிவம் சரியாக அமைந்தாற் போதுமா? போதாது. வார்ப்பிரும்பு என்பது இரும்புடன் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரியும், சிறிது சிலிக்கனும் சேர்ந்த கலவை. மெதுவாக ஆறினால், கரி மெல்லிய தகடுகளாகப் பிரிந்து சாம்பல்நிறம் தரும். அத்தகைய இரும்பை எளிதிற் கடையலாம், அதிர்வையும் அது தணிக்கும். மெல்லிய பகுதி சடுதியாக ஆறினாலோ, வெண்ணிறமுடைய கடும் இரும்பாகிக் கடைசற் கருவியையே மழுக்கிவிடும். எனவே உறுப்பின் தடிப்பை அறிந்து கலவையைத் தெரிதல் வேண்டும்.

அலுமினியத்தின் நிலையும் அதுவே. அது 660 பாகை செல்சியஸில் உருகுவதால், எவரும் உருக்கலாம் என்று எண்ணுவர். பழைய பிஸ்டனையும் பழைய சமையற் பாத்திரத்தையும் ஒரே மூசையிலிட்டு உருக்கி வார்த்த உறுப்பு, பார்வைக்கு அலுமினியமே. ஆயின் அதன் வலிமையை எவர் உறுதி செய்வார்? உருகிய அலுமினியம் ஈரத்திலிருந்து ஐதரசன் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். இறுகும்போது அவ்வாயு வெளியேற முயன்று எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்கும். அத்தகைய பெட்டியில் எண்ணெய் ஊற்றினால் வியர்வைபோற் கசியும்.

இங்கே உயிர் பற்றிய செய்தி ஒன்றும் உண்டு. திசைதிருப்பும் கருவியின் கைகள் முதலியன பழைய கார்களிற் பெரும்பாலும் அடித்துச் செய்த உருக்கினாலானவை. அவற்றின் வடிவைப் பார்த்து, வேறு உலோகத்தில் வார்த்துப் பூட்டுதல் பேராபத்து. கிளைக்குழாய் வெடித்தால் இரைச்சல் எழும். திசைதிருப்பும் கை முறிந்தால் காரும் ஆளும் பாதையில் இரார். எதனை வார்க்கலாம், எதனை வார்க்கலாகாது என்பதைத் தகுதியுள்ள பொறியியலாளர் ஒருவரே முடிவு செய்தல்வேண்டும். உருகிய உலோகத்தில் நீர் பட்டால் அது கணத்தில் ஆவியாகி உலோகத்தைச் சிதறடிக்கும். ஆகவே, வீட்டு முற்றத்தில் இதனைச் செய்து பார்க்க இளைஞர் எவரும் துணியவேண்டாம்.

மெழுகின் வழி

பெரிய உறுப்புக்கு மணல்; சிறியதும் நுண்ணியதுமான உருவுக்கு மெழுகு. ரோல்ஸ் ரோய்ஸ் காரின் முகப்பில், ஆடை காற்றிற் பறக்க முன்னோக்கிச் சாய்ந்து நிற்கும் பெண்ணுருவை அறியாதார் சிலரே. சாள்ஸ் சைக்ஸ் என்னும் சிற்பி 1911ஆம் ஆண்டில் அதனை ஆக்கினார். மெழுகில் உருவைச் செய்து, அதன்மேல் அச்சைக் கட்டி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையால் அவ்வுருவங்கள் அந்நாளில் வார்க்கப்பட்டன. ஆதலின் அக்கால உருவங்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டிருக்கும்.

இம்முறை நமக்குப் புதியதன்று. சோழர் காலத்துச் செப்புத்திருமேனிகளும், பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையிற் பேணப்படும் நடராசர் முதலிய திருவுருவங்களும் மெழுகு வழியே வார்க்கப்பட்டவை. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் அவ்வாறே செய்கின்றனர். இறைவன் திருமேனிக்கும் காரின் முகப்புருவுக்கும் நோக்கம் வேறு. மெழுகு விட்ட இடத்தை உலோகம் நிரப்பும் நுட்பம் ஒன்றே.

மெழுகுக்குப் பதிலாக, நம் நாட்டில் றெஜிபோம் என வழங்கும் வெண்ணுரைப் பொருளில் மாதிரியுருவை வெட்டி, மணலுக்குள்ளேயே விட்டு, அதன்மேல் உலோகத்தை ஊற்றும் முறையும் உண்டு. நுரை எரிந்து மறைய, உலோகம் அதன் இடத்தைப் பிடிக்கும். 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கு உரிமைப்பட்டயம் வழங்கப்பட்டது. ஒன்றேயொன்று வேண்டுவோர்க்கு இது செலவு குறைந்த வழி.

புதிய கருவிகளின் துணை

1914ஆம் ஆண்டு ஜூலை 4ஆந் திகதி, முதலாம் உலகப்போர் மூள்வதற்குச் சில கிழமைகளே இருந்தபோது, பிரான்சின் லியோன் நகருக்கு அருகே கிராண்ட் பிறீ காரோட்டப் பந்தயம் நடைபெற்றது. ஜேர்மானிய மெர்செடிஸ் கார்கள் முதல் மூன்றிடங்களையும் பெற்றன. அப்பந்தயத்துக்கெனப் பிரெஞ்சு நாட்டு டெலாஜ் தொழிற்சாலை செய்த கார்களுள் ஒன்று, பின்னர் அவுஸ்திரேலியாவைச் சென்றடைந்தது. நூறாண்டு கடந்தபின் அதன் சிலிண்டர்ப் பாளம் பழுதுபார்க்கும் எல்லையைக் கடந்துவிட்டது. மாற்றுப் பாளம் உலகில் எங்கே கிடைக்கும்?

மெல்பேர்ண் நகரில், அந்நாட்டு அரசின் சீ.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்னும் விஞ்ஞான ஆராய்ச்சி நிறுவனம் உதவிக்கு வந்தது. பழைய பாளத்தின் வடிவத்தைக் கணினிக்குள் ஏற்றி, அதிலிருந்து மணலச்சையே இயந்திரத்தால் அச்சிட்டனர். மெல்லிய மணற்படை ஒன்றைப் பரப்பி, வேண்டிய இடங்களில் மாத்திரம் பசையைத் தெளித்து, அதன்மேல் அடுத்த படையைப் பரப்பி, இவ்வாறு அடுக்கடுக்காக அச்சு வளர்கின்றது. மாதிரியுரு என்பதே இங்கு வேண்டாம். எடுப்பதற்கு மாதிரியுரு இன்மையாற் சரிவும் வேண்டாம். அவ்வச்சில் உலோகம் ஊற்றி, புதிய பாளம் பெறப்பட்டது.

அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவையாளர் ஜே லெனோவும், 1907ஆம் ஆண்டு வைற் நீராவிக் காரொன்றின் அலுமினிய உறுப்பு, நீராவியும் எண்ணெயும் கசியுமளவுக்கு நைந்துபோனதையும், அதனைக் கணினியால் அளந்து பிளாஸ்டிக்கில் உருவாக்கியதையும் 2009ஆம் ஆண்டில் எழுதி வெளிப்படுத்தினார். அத்தகைய பிளாஸ்டிக் உருவைக் காரிற் பொருத்திப் பார்த்து, பிழை இருப்பின் திருத்தி, அதன்பின் வார்ப்புக்குச் செல்லலாம். உலோகம் வீணாகாது.

இக்கருவிகள் வந்தபின் மாதிரித் தச்சரின் அறிவு வேண்டாததாகிவிட்டதா? அன்று. அளக்கும் கருவி தன் கண்ணிற் பட்டதை அப்படியே காட்டும். தேய்வையும் வெடிப்பையும் வளைவையும் கூட உறுப்பின் பகுதியென்றே காட்டும். உள்ளே மறைந்த நீர்வழியை அது காணாது. அதற்கு எக்ஸ்கதிரோ, கெட்டுப்போன உறுப்பொன்றை அறுத்துப் பார்த்தலோ வேண்டும். எந்த முகம் கடையப்படும், எவ்வளவு சுருங்கும், உலோகம் எவ்வழி புகும் என்பவற்றை ஒரு மனிதர்தான் சொல்லவேண்டும். மரமும் உளியும் மாறின, கணக்கு மாறவில்லை.

வார்ப்பிக்கச் செல்வோர் அறியவேண்டுவன

வார்ப்புச்சாலைக்குச் செல்வோர் உடைந்த உறுப்பை மாத்திரம் எடுத்துச் செல்லாது, அதனோடு பொருந்தும் பக்கத்து உறுப்புகளின் அளவுகளையும் கொண்டுசெல்லல் நன்று. எந்த முகம் எதனோடு இணைகின்றது, எங்கே எண்ணெய் ஓடுகின்றது, எங்கே வெப்பம் மிகுதி என்பதை ஒரு தாளில் வரைந்து கொடுத்தல் வேண்டும். பழைய உறுப்பை எறிந்துவிடலாகாது. புதிய வார்ப்பு பிழைத்தால் மீண்டும் அளப்பதற்கு அதனையன்றி வேறு சான்றில்லை.

செலவிற் பெரும்பகுதி மாதிரியுருவுக்கே போகும். ஒன்றை வார்த்தாலும் பத்தை வார்த்தாலும் மாதிரியுருவின் விலை ஒன்றே. ஆகவே, ஒரே வகைக் கார் வைத்திருப்போர் சங்கமாகச் சேர்ந்து ஒரே முறையிற் பலவற்றை வார்ப்பித்துக்கொள்வது மேனாடுகளில் வழக்கம். தனியொருவராயினும் இரண்டு மூன்று வார்ப்பித்தல் அறிவுடைமை. ஒன்றில் உட்குழி இருக்கக்கூடும். உலோகத்தின் எடையை முன்கூட்டி அறிய, பைன் மரத்தாலான திண்ணிய மாதிரியுருவை நிறுத்து, அதனை 16ஆற் பெருக்கினால் இரும்பு வார்ப்பின் எடை ஏறக்குறையக் கிடைக்கும் என்பது வார்ப்போரின் பழங்கணக்கு.

வார்ப்பு வந்தவுடன் கடையத் தொடங்கலாகாது. ஆறும்போது உள்ளே தங்கிய இறுக்கம் பின்னர் உறுப்பைக் கோணச் செய்யும். முன்னாளில் வார்ப்புகளை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு வைத்தனர்; இந்நாளில் உலையில் அளவாகச் சூடேற்றி மெல்ல ஆறவிடுகின்றனர். நீர்வழியுள்ள உறுப்பாயின், முதலிற் சிறிதளவே கடைந்து, நீரை அமுக்கத்துடன் செலுத்திக் கசிவு உண்டா என்று சோதித்தபின்னரே முழுவேலையையும் செய்தல் வேண்டும். இன்றேல், கடைசற்கூலியும் வார்ப்புடன் சேர்ந்து வீணாகும்.

பழையதென்று சொல்லலாமா?

புதிய வார்ப்புப் பொருத்திய காரைப் பழைய கார் எனலாமா என்ற வினா எஞ்சி நிற்கின்றது. 2019ஆம் ஆண்டில் பென்ட்லி கம்பெனி, தன்னிடமுள்ள 1929ஆம் ஆண்டுப் பந்தயக் காரொன்றைப் பிரித்து அளந்து, அதுபோன்ற 12 கார்களைப் புதிதாகச் செய்யும் திட்டத்தை அறிவித்தது. சுழல்தண்டுப் பெட்டியைக்கூடப் பழையதைப் போலவே மக்னீசியத்தில் வார்த்தனர். ஆயின், அவை 1929இற் செய்தவை என்று எவரும் கூறவில்லை. தொடர்ச்சி வண்டிகள் என்றே பெயரிட்டனர்.

அந்நேர்மை சிறு உறுப்புக்கும் உரியதே. தொன்மை வாகனங்களின் சர்வதேச சம்மேளனம் 2012ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனம், செய்த வேலையைப் பதிவு செய்து வைக்கவேண்டும் என்றும், மாற்றிய உறுப்புகளை அடையாளங் காணும்படி குறியிடவேண்டும் என்றும் வற்புறுத்துகின்றது. மாதிரியுருவின் ஒரு மூலையில் ஆண்டைச் செதுக்கிவிட்டால் வார்ப்பிலும் அது தானே பதிந்துவிடும். நாளை இக்காரைப் பெறுவோர், எது பாட்டன் காலத்தது, எது பேரன் காலத்தது என்று அறிவர். அவ்வாறு அறியாவிடில், பழைய உலோகத்துக்குரிய மதிப்பைப் புதிய உலோகத்துக்குக் கொடுத்து ஏமாறுவர்.

நம்மவருக்கும் இது அயலான செய்தியன்று. 1990களில், பொருளாதாரத் தடையாற் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் அரிதாகிய காலத்தில், யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஒஸ்டினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. விளையாட்டுக்காகவன்று, நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லவும், சுமையேற்றவும் ஓடின. அவற்றை ஓடச்செய்த பட்டறைக்காரர் பலர் நூல் எதனையும் எழுதிவைக்கவில்லை. அவர்களது அறிவு கையிலும் கண்ணிலுமே இருந்தது.

வார்ப்புத் தொழிலுக்கும் இந்நிலையே. ஒரு காரின் உடைந்த உறுப்பை மீண்டும் வார்க்கலாம். மாதிரித் தச்சர் ஒருவர் எழுதாமல் மறைந்தால் அவரது கணக்கை மீண்டும் வார்க்க இயலாது. தொழில்நுட்பக் கல்லூரிகளிற் பயிலும் நம் மாணவர்கள், கணினியில் உருவங்களை வரையக் கற்கும் அதே வேளையில், அயலிலுள்ள பட்டறைக்கும் ஒருநாட் சென்று, முதிய கைகள் மணலை எவ்வாறு கெட்டிக்கின்றன என்பதைக் கேட்டும், கண்டும், எழுதியும் வைப்பாராக.